சேத்தியின் ஈமப்பேழையைக் கழுவினால் என்ன?

வடகரையான் | #1

போன மாதம் வேலை விஷயமாக லண்டன் போயிருந்தேன். ஒரு மதியம் ஓய்வு கிடைத்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்து வாசலில் நின்ற வரிசையைப் பார்த்து மிரண்டு, அங்கிருந்து நடை தூரத்தில் இருக்கும் சர் ஜான் சோன் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்துவிட்டேன். சோன் ஒரு கட்டடக் கலைஞர். அவர் வாழ்ந்த வீடுதான் அருங்காட்சியகம்.

அதன் கீழ்த்தளத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள், எகிப்திய மன்னன் முதலாம் சேத்தியின் ஈமப்பேழை இருக்கிறது. இரண்டாம் ராம்சேஸின் அப்பா. ஒன்பது அடிக்கு மேல் நீளம், முழுக்க ஒரே கல். உள்ளும் புறமும் இரண்டு அங்குல உயரத்துக்குள் நூற்றுக்கணக்கான உருவங்கள், எழுத்துகள். அடித்தளத்தில் வான தேவதை நூத் நிற்கிறாள். 1817 அக்டோபரில் பெல்சோனி என்ற இத்தாலியர் இதைக் கல்லறைக்குள் கண்டபோது கல் வெள்ளைவெளேர் என்று இருந்ததாம். உள்ளே விளக்கு வைத்தால் வெளிச்சம் கல்லை ஊடுருவிக்கொண்டு வெளியே வந்ததாம். எழுத்துக் குழிகள் முழுக்க நீலம்.

இப்போது? பெட்டியில் முப்பது வருஷம் மடித்து வைத்த பட்டு வேட்டியின் பழுப்பு. நீலத்தைக் காணவே காணோம்.

என் கேள்வி எளிமையானது. இவ்வளவு தொழில்நுட்பம் இருக்கிறதே, நன்றாகக் கழுவி, நீலத்தைத் திரும்ப நிரப்பி வைத்தால் என்ன?

சும்மா_வந்தேன் | #2

எங்கள் வீட்டு பாத்ரூம் தரைக்கு ஊற்றும் ஆசிட் ஒரு பாட்டில் அனுப்பி வைக்கவா? பத்தே நிமிடத்தில் பளபள.

கெமிஸ்ட்ரி_வாத்தியார் | #3

சும்மா, பத்து நிமிடத்தில் பளபளவும் வரும், சேத்தியும் நுரைத்துக்கொண்டு சாக்கடைக்குப் போவார். அந்தக் கல் கால்சைட். அதாவது கால்சியம் கார்பனேட், நம் முட்டை ஓடும் சுண்ணாம்புக் கல்லும் மாதிரி. பாத்ரூம் ஆசிட் என்ன, எலுமிச்சைச் சாறு பட்டாலே பொங்கும். மெருகு போய்த் தேய்த்த கண்ணாடி மாதிரி ஆகிவிடும்.

எல்லோரும் இதை அலபாஸ்டர் என்கிறார்கள். ஐரோப்பியச் சிற்பிகள் அலபாஸ்டர் என்று செதுக்குவது ஜிப்சம். நகத்தால் கீறலாம், தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். எகிப்திய அலபாஸ்டர் வேறு. அது கால்சைட், நகத்துக்கு அசையாது, வெறும் தண்ணீருக்கும் பெரிதாக அசையாது. அமிலத்தில் மட்டும் கதை தலைகீழ். கால்சைட்தான் முதலில் போகும். பெயர் ஒன்று என்று நம்பி மருந்தை மாற்றிக் கொடுத்தால் நோயாளி காலி.

வடகரையான் | #4

ஆசிட் வேண்டாம் சார். வெறும் தண்ணீரும் மெல்லிய சோப்பும்? நீங்களே சொல்கிறீர்கள் தண்ணீருக்கு அசையாது என்று.

பஞ்சுருட்டி | #5

வணக்கம். நான் வெளிநாட்டில் ஓர் அருங்காட்சியகத்தின் ஆய்வகத்தில் கல் பொருள்களுக்கான கன்சர்வேட்டர், அதாவது பழம்பொருள்களைச் சுத்தம் செய்து பாதுகாப்பவர். என் புனைபெயர்தான் என் வேலை: மூங்கில் குச்சியில் பஞ்சைச் சுற்றி, நனைத்து, உருட்டி, தூக்கிப் போட்டு, அடுத்த குச்சி. சேத்தியின் பேழையை நான் தொட்டதில்லை. அதே வகைக் கல்லில் செய்த சாடிகளும் கிண்ணங்களும் கையாண்டிருக்கிறேன்.

கல் தண்ணீருக்கு அசையாது, சரி. நீலம்?

அந்த நீலம் ஒரு தூள். மணல், சுண்ணாம்பு, செம்பு இவற்றோடு கொஞ்சம் சோடா உப்பு சேர்த்து ஏறத்தாழ 900 டிகிரியில் மணிக்கணக்கில் சுட்டு, அரைத்து எடுப்பார்கள். எகிப்திய நீலம் என்றே பெயர். மனிதன் செயற்கையாகச் செய்த மிகப் பழைய நிறமிகளில் ஒன்று. தூள் கெட்டி, மூவாயிரம் வருஷம் ஆனாலும் வெளுக்காது. ஆனால் அதைக் கல்லில் பிடித்து வைத்திருந்த பசை கெட்டியில்லை. அது காய்ந்து பொடியாகிவிட்டால் நீலம் குழிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும், கிண்ணத்தில் மாவு மாதிரி. ஈரத் துணியால் ஒரு இழுப்பு போதும்.

சோனின் அருங்காட்சியகமே கல் நிறம் மாறியதற்கு லண்டன் காற்றைத்தான் காரணம் சொல்கிறது. அந்தக் காலத்து லண்டன் என்றால் நிலக்கரிப் புகை. புகையில் இருக்கும் கந்தகம் ஈரத்தோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று வாத்தியார் சொல்லட்டும்.

வடகரையான், நீங்கள் பார்த்த பழுப்பு மேலே ஒட்டிய ஒரே படலம் இல்லை. இதே வகைக் கல்லில் நான் பார்த்தவரைக்கும் கரித்துகள் இருக்கும், கை எண்ணெய் இருக்கும், எந்தப் புண்ணியவானோ நல்ல எண்ணத்தில் தடவிய மெழுகோ வார்னிஷோ இருக்கும், கல்லுக்கு உள்ளேயே ஏறிய கறையும் இருக்கும். முதல் மூன்றை எடுக்கலாம். நாலாவதை எடுக்க வேண்டுமானால் கல்லையே எடுக்க வேண்டும்.

இன்னொன்று. அழுக்கு எங்கே அதிகம் தங்கும்? எழுத்துக் குழியில். நீலம் எங்கே மிச்சம் இருக்கும்? அதே குழியில். இரண்டும் கலந்து கிடக்கும். அழுக்கை மட்டும் எடு, நீலத்தைத் தொடாதே என்று பஞ்சுக்குச் சொல்லத் தெரியாது.

கெமிஸ்ட்ரி_வாத்தியார் | #6

சொல்லிவிடுகிறேன். கந்தக டையாக்சைடு, ஈரம், கால்சைட். மூன்றும் சேர்ந்தால் மேற்பரப்பு ஜிப்சமாக மாறும். ஜிப்சம் வளரும்போது காற்றில் வரும் கரியைத் தன் படிகங்களுக்குள் பிடித்துக்கொள்ளும். ஐரோப்பாவின் பழைய சுண்ணாம்புக் கல் கட்டடங்களில் மழை படாத மூலைகளில் கறுப்புப் பொருக்கு தொங்குமே, அதுதான். வீட்டுக்குள் இருந்த பொருளில் அவ்வளவு வராது. ஆனாலும் கதை ஒன்றுதான்: அந்தக் கறுப்புக்குள் இருப்பது பழைய கல்லேதான், உருமாறிப் போயிருக்கிறது.

சிற்பிமகன் | #7

அக்கா சொல்வது புரிகிறது. ஆனால் எனக்கு வேறு கோபம்.

நான் கல் வேலைக் குடும்பம். அப்பா இன்றும் உளி பிடிக்கிறார். எங்கள் கண்ணுக்கு, நீலம் இல்லாத அந்தப் பேழை முடிக்காமல் விட்ட வேலை. அத்தனை சின்ன உருவத்தைக் குழித்தவன், வண்ணம் ஏற்றுவதற்காகத்தான் அந்த ஆழம் விட்டான். வெள்ளைக் கல்லில் வெறும் கோடு எட்டடி தள்ளி நின்றால் தெரியாது என்று அவனுக்குத் தெரியும். செய்தவனின் எண்ணத்தை மதிக்கிறோம் என்றால் நீலத்தை நிரப்பத்தானே வேண்டும்? கோயிலில் சுதைக்கு வண்ணம் போனால் திரும்பத் தீட்டுகிறோம். அதை யாரும் குற்றம் என்பதில்லை.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். சுரண்டக் கூடாது. திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சியடித்துக் கருங்கல்லைச் சுத்தம் செய்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். தூண் சிற்பத்தில் விரல் நகம், ஆரத்தின் மணி, எல்லாம் ஒரே நாளில் மழுங்கிப் போயின. பிறகு அந்த முறைக்கே தடை வந்தது. கருங்கல்லுக்கே அந்தக் கதி.

பஞ்சுருட்டி | #8

சிற்பிமகன், உங்கள் கோபம் நியாயம்தான். இதற்கு எங்கள் துறைக்குள்ளேயே ஒரே பதில் கிடையாது. என் பதில் இது. கோயில் சுதை இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. தீட்டுகிறவனும் கும்பிடுகிறவனும் அதே மரபு. சேத்தியின் பேழைக்கு அப்படி யாரும் இல்லை. அவருடைய மம்மியே அதில் இல்லை. பழைய காலத்துப் பூசாரிகளே திருடருக்குப் பயந்து அதை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். எகிப்தின் தெய்ர் எல் பஹ்ரி என்ற இடத்தில் இருந்த அந்த மறைவிடத்திலிருந்து 1881-இல் வெளியே வந்து இப்போது எகிப்தில் இருக்கிறது. பேழையின் மூடி பழைய காலத்திலேயே சில்லு சில்லாக உடைந்தது. மிஞ்சிய துண்டுகளும் சோன் வீட்டில்தான் இருக்கின்றன.

இப்போது குழியில் மிச்சம் இருக்கும் பழைய நீலத்தின் மேல் நான் புது நீலத்தை வைத்தால், நாளைக்கு வருகிறவர் எது சேத்தி காலம், எது என் காலம் என்று எப்படிப் பிரிப்பார்?

அதைக் கண்டுபிடிக்க அருமையான வழி ஒன்று இருக்கிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. எகிப்திய நீலத்தின் மேல் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி வீசும். சாதாரண டிஜிட்டல் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டியை எடுத்துவிட்டு, அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடும் வடிகட்டியை மாட்டி, இருட்டு அறையில் படம் எடுத்தால் போதும். கண்ணுக்கு வெறும் அழுக்காகத் தெரிந்த குழியில் நீலத் துகள் ஒவ்வொன்றும் வெள்ளைப் புள்ளியாக மின்னும். முதல்முறை பார்த்த அன்று அமாவாசை வானம் மாதிரி இருந்தது. அதைப் பார்த்த பிறகு கை தானாக மெதுவாகிவிடும். ஒரு பொருளைத் தொடும் முன் வாரக்கணக்கில் இப்படிப் படம் எடுப்பதும் வரைபடம் போடுவதும்தான் எங்கள் வேலையில் பாதி.

சும்மா_வந்தேன் | #9

அக்கா, ஒரு சந்தேகம். எச்சிலைத் தொட்டுத் துடைப்பீர்கள் என்று கேள்விப்பட்டேன். வதந்திதானே?

பஞ்சுருட்டி | #10

வதந்தி இல்லை. எச்சிலில் மாவுச்சத்தைக் கரைக்கும் நொதி இருக்கிறது, லேசான வெதுவெதுப்பு இருக்கிறது, கொஞ்சம் வழவழப்பும் இருக்கிறது. பல பரப்புகளில் தூய நீரைவிட நன்றாகவே வேலை செய்யும். காலையில் காபி குடித்தவுடன் கூடாது என்பது எங்கள் ஆய்வக விதி. இப்போது ஆய்வகத்திலேயே கலந்த செயற்கை எச்சிலும் புழக்கத்தில் உண்டு.

வடகரையான் | #11

இனி எந்த அருங்காட்சியகத்தில் எதைப் பார்த்தாலும் இதுதான் நினைவுக்கு வரும். நன்றி அக்கா.

சரி, சோன் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சேர்க்கிறேன். பேழை 1821-இல் இங்கிலாந்து வந்தது. 2000 பவுண்டு என்றதும் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வேண்டாம் என்றது. 1824-இல் சோன் அதே விலைக்கு வாங்கினார். உள்ளே கொண்டுவர வீட்டின் பின்சுவரை இடிக்க வேண்டியிருந்தது. 1825 மார்ச்சில் மூன்று இரவு விருந்து வைத்து ஊரையே கூப்பிட்டார். 300-க்கும் மேற்பட்ட எண்ணெய் விளக்குகளை வாடகைக்கு எடுத்துக் கொளுத்தினார்களாம். பாவம், பெல்சோனி அதற்கு முன்பே ஆப்பிரிக்காவில் இறந்துவிட்டார். கண்ணாடி வந்தது பல பத்தாண்டுகள் கழித்து.

விளக்குகளின் கரி எங்கே போயிருக்கும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

கெமிஸ்ட்ரி_வாத்தியார் | #12

சோன் வீட்டில் கரி என்றால், அங்கே எகிப்தில் கல்லறையில் வேறு. சேத்தியின் கல்லறைச் சுவர்கள் மன்னர்களின் பள்ளத்தாக்கிலேயே அழகானவை. பெல்சோனி அவற்றின் மேல் மெழுகு அழுத்திப் படி எடுத்தார். பின்னால் வந்தவர்கள் ஈரத்தாள் ஒட்டிப் படி எடுத்தார்கள். நம்மூர்க் கல்வெட்டுக்கு மைப்படி எடுக்கும் அதே யோசனை, ஆனால் இங்கே சுவரில் வண்ணம் இருந்தது. தாளோடு வண்ணமும் வந்தது. போதாததற்கு, வெள்ளத்தைத் தடுக்க எகிப்தியர் நடுவில் வெட்டி வைத்திருந்த ஆழ்குழியைத் தூர்த்துவிட்டார்கள். அடுத்த பெருமழையில் தண்ணீர் நேராக உள்ளே போனது. படி எடுத்தவர்கள் எல்லோரும் அதைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்கள்.

மாலைநேரத்துக்காரி | #13

புதிய உறுப்பினர், இழையை முழுக்கப் படித்தேன். ஒரு கேள்வி. பழுப்பு பார்க்க அசிங்கம், அவ்வளவுதானே. அதனால் கல் கெட்டுப்போகாது அல்லவா? அப்புறம் ஏன் கழுவுவதைப் பற்றி இவ்வளவு பேச்சு? உண்மையிலேயே கல்லைக் கொல்வது எது?

பஞ்சுருட்டி | #14

இழையிலேயே நல்ல கேள்வி இதுதான். உப்பு.

எகிப்தின் மண்ணில் உப்பு அதிகம். நிலத்தில் கிடந்த சுண்ணாம்புக் கல், மணற்கல் பேழைகளின் துளைகளில் எல்லாம் உப்பு ஏறியிருக்கும். பாலைவன வறட்சியில் அது தூங்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையும், குறைந்தால் திரும்பப் படிகமாகும். துளைக்குள் படிகம் வளர இடம் வேண்டும். கல்லை நெட்டித் தள்ளித்தான் அந்த இடத்தை எடுக்கும். வீட்டுச் சுவரில் உப்புப் பூத்துச் சுண்ணாம்பு பொரிந்து விழுமே, அதே. லண்டன், பாரிஸ் மாதிரி ஊரில் பகலில் கூட்டத்தின் மூச்சு, இரவில் குளிர், குளிர்காலத்தில் ஹீட்டர். உப்புக்கு தினமும் யோகாசனம்.

இதற்குப் பற்றுப் போடுவோம். ஆமாம், தலைவலிக்குப் போடுகிற பற்றுதான். காகிதக் கூழை உப்பு நீக்கிய நீரில் குழைத்துக் கல்லின் மேல் விரல் கனத்துக்கு அப்பினால், தண்ணீர் உள்ளே போய் உப்பைக் கரைக்கும்; கூழ் காயும்போது உப்பு வெளியே வந்து கூழில் ஏறிவிடும். உரித்து எடுத்து, எவ்வளவு உப்பு வந்தது என்று அளந்து, திரும்பப் போடுவோம்.

ஒரு காலத்தில் பற்றெல்லாம் கிடையாது. கல்லைத் தொட்டியில் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்தார்கள். பல கற்கள் நன்றாகவே தேறின. சில எகிப்தியச் சுண்ணாம்புக் கற்கள் தொட்டியிலேயே வரி வரியாகப் பிளந்தன. காரணம் பிறகுதான் தெரிந்தது. அந்தக் கற்களுக்குள் களிமண் கலந்திருக்கிறது. களிமண் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும்.

என் கதையும் ஒன்று. பயிற்சிக் காலத்தில், வேறொரு ஆய்வகத்தில், ஒரு சுண்ணாம்புக் கல் துண்டுக்குப் பற்றுப் போட்டேன். களிமண் இருக்கிறதா என்று சோதிக்கவில்லை. மேலதிகாரி சோதித்திருப்பார் என்று நான் நினைத்தேன், நான் சோதித்திருப்பேன் என்று அவர் நினைத்தார். கூழை உரித்தபோது நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு கூடவே வந்தது. அதில் அரை எழுத்து இருந்தது. அவர் திட்டவில்லை. ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து, சில்லை உள்ளே வைத்து, தேதியும் என் பெயரும் எழுதச் சொன்னார். பிறகு இடம் பார்த்து ஒட்டிவிட்டோம். டப்பா மட்டும் இன்னும் என் மேசை மேல் இருக்கிறது.

சிற்பிமகன் | #15

அக்கா, மனதில் தைத்தது. கல்லில் களிமண் வரியை அப்பா தட்டிப் பார்த்தே சொல்வார். மணி மாதிரி ஒலித்தால் கல். மண்ணைத் தட்டிய மாதிரி ஒலித்தால் ஒதுக்கு. உங்கள் ஆட்கள் தட்டிப் பார்ப்பதுண்டா?

பஞ்சுருட்டி | #16

உண்டு! விரல் கணுவால் மெல்லத் தட்டி, உள்ளே தோல் பிரிந்திருக்கிறதா என்று கேட்போம். கருவி வாங்கப் பணம் இருக்கும் இடத்திலும் முதலில் விரல்தான்.

சும்மா_வந்தேன் | #17

அலெக்சாந்திரியாவில் 2018-இல் தோண்டிய கறுப்புப் பேழையை யாரும் சொல்லவில்லையே. திறந்தால் சாபம் என்று உலகமே அலறியது. திறந்தார்கள், மூன்று எலும்புக்கூடும் செந்நிறச் சாக்கடைத் தண்ணீரும். அதைக் குடிக்க அனுமதி கேட்டு இணையத்தில் மனு வேறு போட்டார்கள். அதைக் கழுவ மட்டும் யாரும் ஆட்சேபிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கெமிஸ்ட்ரி_வாத்தியார் | #18

அதுவே கருங்கல் என்பதால்தான் தாங்கியது. பக்கச்சுவரில் இருந்த வெடிப்பு வழியாகத்தான் சாக்கடை கசிந்தது. சுண்ணாம்புக் கல் பெட்டியாக இருந்தால் கதையே வேறு.

அலெக்சாந்திரியா என்றதும் இன்னொன்று. இரண்டாம் நெக்டனிபோ மன்னனின் பேழை, இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில். ஏழு டன் அளவு. அத்தாரின் மசூதியில் பல காலம் குளிக்கும் தொட்டியாக இருந்தது. தண்ணீர் வெளியேற அடியில் 12 துளை போட்டார்கள். அலெக்சாந்தரின் பேழை என்று நம்பி நெப்போலியனின் ஆட்கள் எடுத்துக்கொள்ள, 1801-இல் ஆங்கிலேயர் அவர்களிடமிருந்து பிடுங்கினார்கள். சிற்பிமகனிடம் கேட்கிறேன்: அந்தத் துளைகளை அடைப்பீர்களா?

சிற்பிமகன் | #19

(யோசித்துவிட்டு வந்தேன்.) அடைக்க மாட்டேன். துளை போட்டவனும் கல் தச்சன்தான். வேலை சுத்தமாக இருந்தால் இருக்கட்டும்.

ஆனால் நீலம் விஷயத்தில் மாறவில்லை. துளை யாரோ சேர்த்தது. நீலம் யாரோ தொலைத்தது.

பஞ்சுருட்டி | #20

இதை எங்கள் மாணவர்களுக்குச் சொல்லப் போகிறேன், உங்கள் பெயரோடு.

உங்களுக்கு ஒரு பாதி வழி. 2016-இல் பழம்பொருள்களை டிஜிட்டலில் பதிவு செய்து நகலெடுக்கும் ஃபேக்டம் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு சேத்தியின் பேழையை முப்பரிமாணத்தில் பதிவு செய்தது. கல்லறையின் சில அறைகளையும் அப்படியே நகலெடுத்து 2017-இல் சுவிட்சர்லாந்தின் பாசெலில் வைத்தார்கள். நீலம் நிரப்ப ஆசை என்றால் நகலில் நிரப்பலாம். தப்பானால் அழித்துத் திரும்பவும் போடலாம்.

சிற்பிமகன் | #21

நகலில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கை பழகுவார்கள். அதைப் போய்க் கும்பிட முடியாது.

பஞ்சுருட்டி | #22

நியாயம். வடகரையானின் முதல் கேள்விக்கு நான் இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை. கழுவவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் எகிப்தியக் கல்வெட்டான ரொசெட்டாக் கல்லையே எடுங்கள். 1990-களின் கடைசியில் சுத்தம் செய்தார்கள். கறுப்பு பசால்ட் (எரிமலைப் பாறை) என்று எல்லோரும் நம்பிய கல், கருங்கல் போன்ற சாம்பல் நிறக் கிரானோடயோரைட்டாக, மேலே ரோஜா நிறத்தில் ஒரு வரியோடு வெளியே வந்தது. கறுப்பாகத் தெரிந்ததெல்லாம் பாதுகாப்புக்காகத் தடவிய கார்னோபா மெழுகும், அதில் படிந்த அழுக்கும், ஆரம்ப நாளில் அச்சுப் படி எடுத்த மையும். எழுத்து தெரிய வேண்டும் என்று வெள்ளை வேறு நிரப்பியிருந்தார்கள்.

ஆனால் இடது கீழ் மூலையில் ஒரு சின்னச் சதுரத்தை மட்டும் தொடாமல் விட்டார்கள். மெழுகும் வெள்ளையும் அப்படியே. நேரில் போகிறவர்கள் குனிந்து பாருங்கள், தெரியும்.

சேத்தியின் பேழையை என்னிடம் கொடுத்தால், முதலில் அகச்சிவப்பில் முழுக்கப் படம். பிறகு நீலமே இல்லாத ஒரு வெளிப்புற இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு, தூசியை மட்டும் உலர் ஸ்பாஞ்சால். அங்கே நிறுத்திவிட்டு ஆறு மாதம் பார்ப்பேன். பழுப்பு போகவில்லை என்றால் போகவில்லை.

வடகரையான் | #23

ஊருக்கு வந்த பிறகு நான் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இந்த இழையால் வந்த வேலை. நேற்று இரவு ஒன்று கிடைத்தது. பக்கச்சுவரில் ஒரு பாம்பு. அதன் வளைவுக்குள் கடுகளவு நீலம். கண்ணாடியில் பட்ட என் போன் வெளிச்சமோ என்று மூன்று படங்களில் ஒப்பிட்டுப் பார்த்தேன். மூன்றிலும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

படத்தை இணைக்கிறேன். சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன், சும்மா_வந்தேனுக்காக.

சும்மா_வந்தேன் | #24

பார்த்தேன். ஆசிட் பாட்டிலைத் திரும்ப பாத்ரூமிலேயே வைத்துவிட்டேன்.